மாரடைப்பு வேறு, இதய அழற்சி வேறு

நாற்பது வயதுக்காரர் ஒருவர் திடீரென்று இறந்தார் என்று செய்தி வந்தால் போதும், புதுவைக் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நம் வயதுக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள்: “எல்லாம் அந்தக் கொரோனா ஊசி செய்த வேலை!” இதில் உண்மை எது, வதந்தி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், நண்பர்களே.

உண்மை இது. ஃபைசர், மாடர்னா என்னும் எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளால் அபூர்வமாகச் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வந்தது. 2021-இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் இதைக் கவனித்தார்கள். பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாம் ஊசி போட்ட சில நாட்களுக்குள் வந்தது. பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். மொத்தத்தில், ஊசியைவிடக் கொரோனா நோயே இந்த அழற்சியை அதிகம் உண்டாக்கியது.

பிரெஞ்சில் இதற்கு ‘மியோகார்தீத்’ என்று பெயர். ‘ஈத்’ என்று முடிந்தால் அழற்சி என்று பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். மாரடைப்போ இதயத்தின் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது.

நம்மில் பெரும்பாலோர் போட்டுக்கொண்டது கோவிஷீல்டு அல்லது கோவாக்சின். இவை எம்.ஆர்.என்.ஏ. வகையே அல்ல. கோவிஷீல்டுக்கு ரத்தம் உறைதல் என்ற வேறோர் அபூர்வத் தீங்கு உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. 18 முதல் 45 வயதுவரை உள்ளவர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்து ஐ.சி.எம்.ஆர். 2023-இல் முடிவை வெளியிட்டது. ஊசி அபாயத்தைக் கூட்டவில்லை; கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்ததும், குடும்ப வரலாறும், அளவுமீறிய குடியும் கூட்டின என்றது.

பிறகு ஏன் வதந்தி? ஊசி போடும் இடத்தில் “பின்விளைவு உண்டா?” என்று கேட்டேன். “ஒண்ணும் ஆகாது பெரியவரே, கையை நீட்டுங்க” என்றார்கள். வதந்திக்கு இந்தப் பதில்தான் விதை. 2021 நவம்பரில் பிரான்சின் சுகாதார உயர் ஆணையம், 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாடர்னாவைத் தவிர்த்து ஃபைசர் போடுங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னது. அதனால் அங்கே ஊசித் திட்டம் நின்றுவிடவில்லை. பாதகமான குறிப்பும் இருக்கும் கோப்பைத்தான் நம்பலாம். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது தெரியும்.

பயந்துபோய் ஃப்ளூ ஊசியையும் ஒதுக்காதீர்கள். டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பிரான்சில் இருக்கும் பேரனுக்கு ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் நெஞ்சு வலித்தாலோ படபடத்தாலோ, கைவைத்தியம் சொல்லாமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.