முதலில் அந்த எழுபது கிலோமீற்றர்

தென்மேற்கு இந்து சமுத்திரத் தீவுகள் இன்னும் நெருக்கமாக ஒருங்கிணைய வேண்டும் என்று அங்குள்ள சிவில் சமூகத்தினர் கேட்கிறார்கள். நாங்களும் அதுக்கு ஆதரவுதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கு. ஒருங்கிணையப் போறது எது? கப்பலும் கேபிளும் மட்டுமா, சனமும் சேர்த்தா?

இந்து சமுத்திர ஆணைக்குழு 1982இல் தொடங்கியது. முதலில் மொரிசியஸ், மடகஸ்கார், சீசெல்ஸ் மூன்றும்தான். 1986இல் கொமொரோஸும், ரீயூனியன் தீவின் பேரால் பிரான்சும் வந்து சேர்ந்தன. பாரிஸும் ஒரு தீவுத் தலைநகரான பகிடி அது. ஆணைக்குழு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டோம். மீன்பிடிக் கண்காணிப்பு, தொற்றுநோய்த் தடுப்பு என்று தனித்தனியே செய்ய ஏலாத வேலைகளைச் சேர்ந்து செய்கிறார்கள்.

ஆனால் கொமொரோஸின் அஞ்சுவான் தீவிலிருந்து மயோட்டுக்கு வெறும் 70 கிலோமீற்றர்தான். ஒரே மதம், கிட்டத்தட்ட ஒரே பேச்சு, இரண்டு கரையிலும் சொந்தக்காரர். 1974 வாக்கெடுப்பில் மற்றத் தீவுகள் சுதந்திரம் கேட்க, மயோட் பிரான்சோடு இருக்கக் கேட்டது. அது அந்த மக்களின் முடிவு, மறைக்க ஏலாது. ஆனாலும் அதுக்குப் பிறகு 20 வருசம் சனம் போய் வந்துகொண்டுதான் இருந்தது. 1995இல் பிரான்ஸ் விசாவைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து மாமி வீட்டுக்குப் போவது சட்டவிரோதக் குடியேற்றம். 2012 வரைக்கும் 7,000 முதல் 10,000 பேர் அந்தக் கடலில் செத்திருக்கலாம் என்று கணித்தது பிரெஞ்சு செனட்டின் அறிக்கையேதான். 2024 டிசம்பரில் சீடோ சூறாவளி மயோட்டை அடித்தபோது, பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் பாதுகாப்பிடங்களுக்குப் போகாமல் தகரக் கொட்டில்களிலேயே இருந்தவர்கள் பலர்.

நாலு மாதம் கழித்து, 2025 ஏப்ரலில், அன்டனனரிவோவில் நடந்த ஆணைக்குழு உச்சிமாநாட்டில் மக்ரோன் மயோட்டையும் சேர்க்கச் சொன்னார். கொமொரோஸ் மறுத்தது. எங்களுக்கு இரண்டு பக்கத்திலும் நம்பிக்கை இல்லை. மயோட் எங்கட மண் என்கிற அதே மொரோனி அரசுதான், 2019இல் 150 மில்லியன் யூரோ உதவியோடு, மயோட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களைப் பொறுப்பெடுக்கவும் படகுகளை மறிக்கவும் ஒத்துக்கொண்டது.

இதுக்குள்ளே இந்தத் தீவுகளையெல்லாம் 'வெனிலாத் தீவுகள்' என்று ஒரே பேரில் சுற்றுலாவுக்கு விற்கிறார்கள். ஜேர்மன்காரர் ஒருவர் தீவுக்குத் தீவு தாவலாம். அஞ்சுவான் பெண் பிரசவத்துக்குப் படகேறினால் குற்றவாளி.

சின்னத் தீவு, தண்ணியும் இல்லை, எத்தனை பேரைத் தாங்கும் என்று மயோட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரான்சின் மிக வறிய மாவட்டம் அது. அப்ப ஒருங்கிணைப்பு என்றால் அஞ்சுவானில் நல்ல ஆஸ்பத்திரி என்றுதானே அர்த்தம்? ரேடாருக்கும் ரோந்துப் படகுக்கும் காசு இருக்கு.

உது ஆபிரிக்கக் கரைக் கதை, எங்களுக்கென்ன என்கிறவர்களுக்கு: 2021 ஒக்ரோபரில் படகு பழுதாகி டியாகோ கார்சியாவில் கரையேற்றப்பட்ட இலங்கைத் தமிழர்களில் பலர் மூன்று வருசத்துக்கு மேல் கூடாரத்தில் கிடந்தார்கள். அந்தத் தீவின் சொந்தச் சனத்தை, சாகோஸ் மக்களை, ஏற்கனவே வெளியேற்றி இராணுவத் தளமாக்கியிருந்தார்கள். ரீயூனியனிலும் எங்கட படகுகள் ஒதுங்கியிருக்கின்றன. இது எங்கட கடலும்தான்.

ஆகவே சிவில் சமூகத்திடம் நாங்கள் கேட்பது இதுதான். அடுத்த மனுவின் முதல் வரியில் கேபிளையும் விமான இணைப்பையும் எழுத வேண்டாம். 1995 விசாவை எழுதுங்கோ. அதைக் கேட்டால் நிதி தருகிறவர்களில் சிலர் முகஞ்சுளிப்பார்கள். பிரான்சும் அவர்களில் ஒன்று.