பத்தடி அகலத்தில் யாருக்கு இடம்?

திருகோணமலையில் புதிதாக ஒரு பல் கிளினிக் திறப்பதென்றால், துறைமுகப் பக்கமாகட்டும் பிரதான வீதிப் பக்கமாகட்டும், கிடைப்பது பெரும்பாலும் ஒரு கடை அறைதான். பத்தடி அகலம், இருபதடி நீளம். முன்னால் ஷட்டர், பின்னால் சின்னக் கழிவறை. இந்த இருநூறு சதுர அடிக்குள் சிகிச்சைக் கதிரை, கம்பிரசர், கழுவும் தொட்டி, அலுமாரி, காத்திருக்கிற ஆறு பேர் எல்லாம் அடங்க வேண்டும். இடம் காணாது. அதில் சந்தேகமே இல்லை. நாங்கள் கேட்பது வேறு: இடம் காணாதபோது எதை வெட்டுகிறோம்?

பொதுவாக நடப்பது இதுதான். முன்பக்கம் ஃபோல்ஸ் சீலிங், கலர் லைட், பெரிய ரீவி. நடுவில் ஏழடி உயரத்துக்கு ஒரு ஹார்ட்போட் மறைப்பு. அதற்கு மேலே வெறும் வெளி. கருவி கழுவுவது கழிவறைக்குப் பக்கத்து மூலையில். படம் எடுத்து ஃபேஸ்புக்கில போட்டா வடிவாத்தான் இருக்கும். ஆனால் வெட்டுப்பட்டவை மூன்று: நோயாளியின் இரகசியம், காற்று, கருவியின் சுத்தம். இவை மூன்றும் படத்தில் தெரியாது. அதனால்தான் முதலில் போகின்றன.

கலைப்பீடத்தில் படிக்கிற உங்களுக்கு இதில என்ன கதை என்று கேட்கலாம். ஓர் அறையில் யாருடைய குரல் யாருக்குக் கேட்கிறது என்பது எங்கள் பாடமும்தான்.

முதலில் இரகசியம். பல் வைத்தியர் வாயை மட்டும் பார்ப்பதில்லை, கேள்வியும் கேட்பார். சீனி வருத்தம் இருக்கா? கர்ப்பமா? வெற்றிலை, புகையிலை போடுறீங்களா? மறைப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பக்கத்து வீட்டு அக்காவாகவோ மச்சானின் கூட்டாளியாகவோ இருந்தால் என்ன பதில் வரும்? "இல்ல டொக்டர்." சின்ன ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் வகை வாயிலும் தொண்டையிலும் வருவது. வெற்றிலையும் புகையிலையும் அதற்குப் பெரிய காரணங்கள். வாய்க்குள் வெள்ளைத் தழும்பை முதலில் காணக்கூடியவர் பல் வைத்தியர். அவரிடம் உண்மையைச் சொல்ல முடியாத அறை, அறையே இல்லை. மறைப்பை மேல்தளம் வரை கொண்டுபோவதற்குத் தேவை இன்னும் மூன்று நான்கு அடிப் பலகை. ஃபோல்ஸ் சீலிங்கை விட மலிவு.

மறைப்பு மேலே போனால் இன்னொரு நன்மையும் உண்டு. பல் துளைக்கும் கருவி நிமிடத்துக்கு மூன்று இலட்சம் தடவைக்கு மேலும் சுற்றும். அந்தச் சத்தம் ரைல்ஸிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும். காத்திருக்கிற பிள்ளை கதிரையில் ஏறும் முன்னமே அழுதுவிடும். பயந்தவர் அடுத்த முறை வரமாட்டார்; தாங்க ஏலாத வலி வந்த பிறகுதான் வருவார். அப்போது அடைக்க வேண்டிய பல் பிடுங்க வேண்டிய பல்லாகியிருக்கும்.

இரண்டாவது, காற்று. கச்சான் அடிக்கிற மாதங்களில் இங்கு ஏசி இல்லாமல் இருக்க ஏலாது. ஆனால் சுவரில் மாட்டும் சாதாரண ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிராக்கித் திரும்பத் தருகிறது. துளைகருவியின் நீர்த்துளியோடு எச்சிலும் அதில் கலந்திருக்கும். இப்படித் துளிகள் பறக்கும் சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு வினாடிக்கு 160 லீற்றர் காற்றோட்டம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாக் காலத்தில் சொன்னது. பின்சுவரில் காற்றை வெளியே தள்ளும் ஒரு விசிறி வைத்தால், காற்று காத்திருக்கும் இடத்திலிருந்து சிகிச்சை அறைக்கும், அங்கிருந்து வெளியேயும் போகும். திசை முக்கியம். மாறி வீசினால் பிழை.

மூன்றாவது, கருவி. ஆறடி மேசை ஒன்று போதும், ஆனால் ஒரே திசையில் ஓட வேண்டும்: இடப்பக்கம் அழுக்கு, பிறகு கழுவல், உலர்த்தல், பொதியிடல், ஓட்டோகிளேவ், வலப்பக்கம் சுத்தம். 121 பாகை செல்சியஸில் 15 நிமிடம் நீராவியில் வேகவைத்த கருவியை மறுபடி அழுக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த 15 நிமிடமும் வீண். இந்த மேசையை ஒளிக்காமல் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் வைக்கலாம். ரீவியை விட அதைப் பார்த்துத்தான் ஆக்களுக்கு நம்பிக்கை வரும்.

இடத்தைக் கொடுத்து இடத்தைப் பெறுவதும் உண்டு. ஜெஃப்ரி பாவா கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சின்ன வரிசை வீடுகளை ஒன்றாக்கித் தனக்கு வீடு கட்டினார். ஒவ்வோர் அடியையும் கூரையால் மூடாமல், இடையிடையே வானத்துக்குத் திறந்த சின்ன வெளிகளை விட்டார். எங்கட நாற்சார் வீட்டு முற்றமும் இதே புத்திதான். கடை அறையின் பின்னால் மூன்றடி வெளி விட்டு, ஒரு யன்னலும் ஒரு செடியும் வைத்து, கதிரையை அந்தப் பக்கம் திருப்பினால் அறை பெரிதாகும். சாய்ந்து படுத்த பிறகு நோயாளி பார்ப்பது மேல்தளத்தை மட்டும்தான். நேரே கண்ணில் குத்தும் ரியூப் லைட்டை ஓரத்துக்கு நகர்த்த எவ்வளவு செலவாகும்?

வாசலையும் மறக்க ஏலாது. பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுத்திறனாளிகள் சென்றுவரும் வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. யுத்தத்தில் கால் இழந்தவர்கள் வாழும் மாவட்டம் இது. ஆறு அங்குலப் படி ஒன்றுக்குச் சாய்தளம் போட ஆறடி நீளம் வேண்டும். மாடிக்கு என்றால் கதையே இல்லை. ஆகவே அலங்காரத்தை யோசிக்க முதல், கீழ்த்தள அறையையும் மூன்றடிக் கதவையும் யோசிக்க வேண்டும்.

வாடகை கூடிப்போச்சு, முன்பக்கம் பளபளவென்று இல்லாவிட்டால் ஆக்கள் வராது என்று வைத்தியர்கள் சொல்லலாம். அது பொய்யில்லை. நாங்களும் கண்ணாடிக் கதவைப் பார்த்துத்தானே உள்ளே போகிறோம்? அதனால் மாற வேண்டியது எங்கள் பார்வையும்தான். அடுத்த முறை பல்லுக்குப் போகும்போது மறைப்பு மேலே முட்டுதா, காற்று எங்க போகுது, கருவி எங்க கழுவுப்படுது என்று பாருங்கள். தெரியாவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள். நாலு பேர் கேட்டால், அடுத்த கிளினிக் கட்டுகிறவர் ரீவி வாங்க முதல் ஒரு தரம் யோசிப்பார்.