பைப்பில் போட்டிருக்கிற நம்பர் தண்ணிக்குத்தான்... காத்துக்கு இல்லைங்க!

2025 தீபாவளி சமயத்தில் 'கார்பைடு கன்' என்ற பெயர் திடீரென்று எல்லா செய்தியிலும் ஓடியதே, ஞாபகம் இருக்கா? மத்தியப் பிரதேசத்தில் போபால், விதிஷா பக்கமெல்லாம் தெருவோரத்தில் 150, 200 ரூபாய்க்கு விற்ற 'பொம்மை' அது. ஒரு பிளாஸ்டிக் பைப், உள்ளே கால்சியம் கார்பைடு, கொஞ்சம் தண்ணீர், தீப்பொறிக்கு ஒரு லைட்டர். அவ்வளவுதான். 'ஏன் இன்னும் வெடிக்கலை?' என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்த பிள்ளைகளின் முகத்திலேயே வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், கண்ணில் காயத்தோடு மருத்துவமனைக்கு ஓடினார்கள். சிலருக்குப் பார்வையே போனது.

மாநில அரசு தடை போட்டது, விற்றவர்களைப் போலீஸ் பிடித்தது. எல்லாம் சரி. ஆனா, பேச்சு முழுக்க கார்பைடு என்ற கெமிக்கலைச் சுற்றியே நடந்தது. அந்த பைப்பைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அதனால் பெற்றோர் மனசில் ஒரு கணக்கு தங்கிவிட்டது: 'நெருப்பு இருந்தா ஆபத்து, வெறும் காத்துன்னா பரவாயில்லை.'

இந்தக் கணக்குதான் பயமா இருக்கு. ஏன்னா, யூடியூபைத் திறந்தால் அதே பிவிசி பைப்பில் காற்றை அடைத்து உருளைக்கிழங்கு சுடும் வீடியோ, பேப்பர் ராக்கெட் விடும் வீடியோ எல்லாம் கொட்டிக்கிடக்கிறது. எண்ட் கேப், பிவிசி கம், சைக்கிள் டியூப் வால்வு, ஒரு பம்ப். மொத்த சாமானும் ஹார்டுவேர் கடையிலும் பஞ்சர் கடையிலும் கிடைத்துவிடும். லீவு நாளில் பையன் இதைச் செய்துகொண்டிருந்தால், 'போனை நோண்டாம உருப்படியா ஏதோ பண்றான்' என்று நாமே காபி போட்டுக் கொடுப்போம்.

கேட்டால் பையன் பதிலும் ரெடியாக வைத்திருப்பான். "அப்பா, இது 10 கேஜி பைப். நான் 4 கேஜிகூட ஏத்தலை." கடையில் 4 கேஜி, 6 கேஜி, 10 கேஜி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த நம்பர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்ற கணக்கு. ஐ.எஸ் 4985 என்ற இந்தியத் தரப்படி பைப் மேலேயே அச்சடித்திருப்பார்கள். பையன் சொல்வது பொய்யில்லை. ஆனால், அந்தத் தரத்தின் தலைப்பே தண்ணீர் விநியோகத்துக்கான பைப் என்பதுதான். அளந்ததும் தண்ணீருக்கு, அதுவும் 27 டிகிரி வெப்பத்தில்.

அழுத்தம் ஒன்றுதானே, தண்ணீரானா என்ன, காற்றானா என்ன? இங்கேதான் விஷயமே இருக்கு. தண்ணீரை எவ்வளவு அழுத்தினாலும் அது கிட்டத்தட்ட சுருங்காது. பைப் விரிசல் விட்டால் நாலு சொட்டு பீய்ச்சும், அழுத்தம் அப்படியே இறங்கிவிடும். காற்று அப்படியில்லை. அமுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி, எப்படா வழி கிடைக்கும் என்று உள்ளே காத்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். 2 இன்ச் பைப் அரை மீட்டர் நீளம் என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். அதில் தண்ணீரை 6 கேஜி அழுத்தத்தில் வைத்தால், தண்ணீருக்குள் சேரும் ஆற்றல் ஒரு ஜூலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே பைப், அதே அழுத்தம், உள்ளே காற்று என்றால் சுமார் 700 ஜூல். 10 கிலோ அரிசிப் பையை ரெண்டாவது மாடியிலிருந்து கீழே போட்டால் தரையில் என்ன வேகத்தில் விழுமோ, அந்தச் சக்தி. பையன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு நேராகக் குறிபார்க்கிறான்.

ஆக, பைப்பில் இருக்கிற நம்பர் அது எப்போ உடையும் என்பதற்கு ஒரு குறிப்பு. எப்படி உடையும் என்று அது சொல்லாது. பிவிசி கிழிவதில்லை, கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, 1988-லேயே இதற்காக எச்சரிக்கை வெளியிட்டது. டெக்சாஸில் ஒரு ஆலையில் அழுத்தக் காற்று ஓடிய பிவிசி பைப் வெடித்து ஒரு தொழிலாளி காயம்பட்ட பிறகு வந்த எச்சரிக்கை அது. பயிற்சி பெற்றவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலைக்கே இந்த நிலை. நம்ம ஊரிலும் சில பட்டறைகளில் கம்ப்ரஸர் லைனை பிவிசி-யில் இழுத்திருப்பதைப் பார்க்கலாம். அதைப் பற்றித் தனியா ஒரு கட்டுரை எழுதணும்.

"நான் ரெண்டு வருஷமா விடுறேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் நிறைய பேர். உண்மைதான், ஆகாது. பைப் தயாரிக்கும்போதே பல வருஷம் தாங்குகிற மாதிரி கூடுதல் பலம் வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால், ஒவ்வொரு முறை காற்று ஏற்றி இறக்கும்போதும் பிளாஸ்டிக் கொஞ்சம் களைத்துப்போகிறது. கீழே விழுந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல். ஒட்டிய ஜாயின்ட் முழுசாகக் காயும் முன்பே பம்ப் அடிக்கிற அவசரம். எல்லாத்துக்கும் மேல வெயில். 43 டிகிரி சூட்டில் பிவிசி-யின் தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும், 60 டிகிரியில் கால் பங்குகூட மிஞ்சாது. மே மாச மொட்டைமாடியில் கிடந்த பைப்புக்கு 43 எல்லாம் சாதாரணம். அப்போ 10 கேஜி பைப் என்பது பேருக்குத்தான். அதிலும் வெயிலில் கிடந்து கிடந்து மொறுமொறுவென்று ஆன பழைய பைப், மழைத்தண்ணி, கழிவுநீர் இறங்குகிற பைப் என்றால் சொல்லவே வேண்டாம். கழிவுநீர் பைப் அழுத்தத்துக்கே செய்ததில்லை.

மேலே டேப் சுற்றிவிட்டால் போதும் என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். விரிசல் வந்தால் அதுவும் தெரியாமல் போகும், அவ்வளவுதான் லாபம். வீடு கட்டும்போது பிளம்பர் புது லைனை எப்படி டெஸ்ட் பண்றார்னு கவனிச்சிருக்கீங்களா? தண்ணீரை நிரப்பித்தான். பைப் கம்பெனிகளே 'காற்றால் டெஸ்ட் செய்யாதீர்கள்' என்று எச்சரிக்கிறார்கள்.

அப்போ குழந்தைகள் ராக்கெட்டே விடக்கூடாதா? தாராளமாக விடட்டும். காற்றைச் சேமித்து வைக்காத முறையாகப் பாருங்க. காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை ஒரு டியூபோடு இணைத்து, டியூபின் மறுமுனையில் பேப்பர் ராக்கெட்டைச் செருகி, பாட்டிலை ஓங்கி மிதித்தால் ராக்கெட் மாடி உயரத்துக்குப் போகும். மிதிக்கும் நொடியில் மட்டும்தான் அழுத்தம். திறந்த முனை வழியாக உடனே வெளியேறிவிடும். ராக்கெட்டுக்கு நேரே மட்டும் யாரும் குனிந்து பார்க்கக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் பிவிசி லாஞ்சர் இருக்கா? உள்ளே காற்று இருந்தால், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு வால்வு வழியாக மெதுவாக இறக்குங்க. பிறகு பைப்பை ரெண்டாக அறுத்துப் போட்டுடுங்க. எடைக்குப் போடறவங்க முழுசா போட வேண்டாம், அடுத்த வீட்டுப் பையன் எடுத்துட்டுப் போயிடுவான்.