தேகப்பயிற்சியும் இருதயமும்: இரு தவறான எண்ணங்கள்

கன்னடத் திரைப்பட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் பெங்களூரில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 46. தேகப்பயிற்சியில் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்த அவருக்கு, அன்று காலை பயிற்சிக்குப் பின்னரே உடல்நலம் குன்றியது. அதனைத் தொடர்ந்து, நகரிலுள்ள ஜயதேவா இருதய மருத்துவமனையில் பரிசோதனை நாடி வந்தோர் கூட்டம் பல நாட்கள் பெருகி நின்றது. தேகப்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லவோ பலர் அஞ்சினர்.

பரிசோதனைக்கு முன்வந்தது நன்று. பயிற்சியை விட்டு விலக எண்ணியது நன்றன்று. கட்டான உடல் வாய்த்தவரை இருதய நோய் அணுகாது என்ற எண்ணம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. அது பொய்த்ததும், பயிற்சியே இருதயத்தைக் கெடுக்கும் என்ற மற்றொரு தவறான எண்ணம் அதனிடத்தில் வந்து அமர்ந்தது.

புறத்தே தெரியும் தசைகளின் வலிமையைக் கொண்டு இருதயத்தின் இரத்தக் குழாய்களின் நிலையை அறிய இயலாது. அக்குழாய்களில் கொழுப்புப் படிவதற்குப் பரம்பரை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகைபிடித்தல் முதலிய பல காரணங்கள் உண்டு. பயிற்சி இவற்றின் தீமையைக் குறைக்குமேயன்றி முற்றிலும் போக்கிவிடாது.

ஆயினும் அது தரும் பாதுகாப்பு சிறிதன்று. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் பேருந்துத் தொழிலாளரை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்து பணியாற்றிய ஓட்டுநர்களைக் காட்டிலும், இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறியிறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களிடையே இருதய நோய் குறைந்து காணப்பட்டது. பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் இக்கருத்துக்கு வலுவூட்டியுள்ளன.

கடும் உழைப்பின்போது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. கொழுப்புப் படிந்த குழாயில் அப்படிவு வெடித்து இரத்தம் உறையுமானால் மாரடைப்பு நேரும். 1993-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, கடும் உழைப்பைத் தொடரும் ஒரு மணி நேரத்தில், உடலுழைப்பே இல்லாதவருக்கு மாரடைப்பு நேரும் வாய்ப்பு சுமார் 107 மடங்காகிறது. வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ கடுமையாக உழைத்துப் பழகியவருக்கு அது 2.4 மடங்கே ஆகிறது. குறிப்பிட்ட எந்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு நேரும் வாய்ப்பு இயல்பாகவே மிகச் சிறியது என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆகவே, அஞ்சத்தக்கது பழகாத உடல் திடீரென மேற்கொள்ளும் கடும் உழைப்பேயாகும். அதற்குரிய பரிகாரம் படிப்படியான பயிற்சி.

வயது வந்தோர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. பேச முடிந்து, பாட முடியாத அளவு மூச்சு வாங்கும் விரைவு நடையே இதற்குப் போதும். வியர்வை மிகுந்தால் கொழுப்புக் கரைந்துவிட்டது என்று கருதுவதும் தவறு. வெளியேறுவது பெரும்பாலும் நீரே. நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இருதய நோய் உடையவர்களும் கடும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, மயக்கம் ஆகியவை தோன்றின், பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கர்நாடக அரசு பின்னாளில் புனீத் ராஜ்குமாரின் பெயரால் ஏற்படுத்திய இருதய ஜோதித் திட்டம், தாலுகா மருத்துவமனைகளிலேயே இருதய மின்பதிவுக்கும், இரத்த உறைவைக் கரைக்கும் ஊசி மருந்தை இலவசமாக அளிக்கவும் வழிசெய்தது. காலத்தே சென்றடைபவருக்கே அத்தகைய உதவி பயன்படும்.

பிரபலமான ஒருவரின் மரணம் ஊரெங்கும் பேசப்படுகிறது. நாள்தோறும் நடந்து நலமாக வாழ்வோரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அச்சம் பரவுவதற்கு இதுவே காரணம். கிராம ஊழியர்களும் ஆசிரியர்களும் இவ்வுண்மையை மக்களுக்கு எடுத்துரைப்பார்களாயின், ஒரு மரணத்தைக் கேட்டு நடையையே நிறுத்திவிட்ட பலர் மீண்டும் நடக்கத் தொடங்குவர்.