ஏற்றத்தாழ்வே எதிரி, கீரையன்று!

மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதில் எந்த மருந்தின் பெயரையும் கூறினாரில்லை. உணவின் அளவையே பெரிதும் வலியுறுத்திச் சென்றார். ஒரு சிறு குளிசையை நம்பி உயிர் தரித்திருக்கும் மலையக மக்களுக்கு அந்த அறிவுரை இன்று நேரே பொருந்துகிறது. அக்குளிசையின் பெயர் வார்ஃபரின். உடலுக்குள் இரத்தம் கட்டியாக உறைந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை.

அரசியல் வார ஏட்டிலே குளிசைக்கும் கீரைக்கும் இடம் ஏன் என்று சிலர் வினவக்கூடும். பூனாகலையில் ஒரு தொழிலாளி இன்று எதை உண்பாள் என்பதைச் சம்பளம் தீர்மானிக்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு அவள் எப்போது செல்வாள் என்பதைப் பாதையும் பஸ்ஸும் தீர்மானிக்கின்றன. வைத்தியர் சொன்னது அவளுக்கு விளங்கிற்றா என்பதை மொழி தீர்மானிக்கிறது. சம்பளமும் பாதையும் மொழியும் அரசியல் இல்லையென்றால், வேறு எதுதான் அரசியல்?

ஏழையின் இதய நோய்

காலில் இரத்தம் உறைந்தோருக்கும், இதயத் துடிப்பு ஒழுங்கிழந்தோருக்கும், இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டோருக்கும் இம்மருந்து வழங்கப்படுகிறது. வால்வு கெடுவதற்கு ஒரு பெருங்காரணம் வாதக் காய்ச்சல். பிள்ளைப் பருவத்தில் ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டை நோவு தக்க சிகிச்சையின்றி விடப்பட்டால், சிலருக்கு அது இக்காய்ச்சலாக முற்றி இதய வால்வுகளைச் சிதைக்கிறது. மக்கள் நெருங்கி வாழும் வீடுகளில் அக்கிருமி எளிதிற் பரவும். 10 அடிக்கு 12 அடி என்று வெள்ளையர் அளந்து கட்டிய லயக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கினால், ஒரு பிள்ளையின் இருமல் எத்தனை பிள்ளைகளின் இருமலாகும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. உணவுக் கட்டுப்பாடு அதிகம் வேண்டாத புதிய மருந்துகள் இன்று உலகில் வந்துள்ளன. ஆனால் செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அவை உதவா. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு இதயத் துடிப்பும் ஒழுங்கிழந்தவர்களை ஆராய்ந்து 2022-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. 24 நாடுகளில் 4,500-க்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட அந்த ஆய்விலே, புதிய மருந்து பெற்றவர்களைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. ஆகவே இந்நோயாளர் நெடுங்காலம் வார்ஃபரினோடுதான் வாழ வேண்டியிருக்கிறது. அதனுடன் வாழும் முறையை அறிந்தே ஆகவேண்டும்.

மருந்து செய்வது யாது?

மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கச் செல்வோர்க்கு அட்டைக் கடி புதிதன்று. அட்டையைப் பிடுங்கி எறிந்த பின்னும் இரத்தம் எளிதில் நில்லாது. அதன் வாயில் இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று உண்டு என்பதை 1884-இல் ஹேக்ராஃப்ட் என்னும் அறிஞர் எடுத்துக் காட்டினார். வார்ஃபரினும் உறைவைத் தடுப்பதே. ஆனால் அது செல்லும் வழி வேறு.

அதன் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்கியது. 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சணம் பிடித்த தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் நில்லாமல் மடிந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அவ்வாராய்ச்சியின் வழிவந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து, பின்னர் மனிதருக்கு மருந்தாயிற்று. 1955-இல் மாரடைப்புற்ற அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. அளவு மிஞ்சினால் நஞ்சு, அளவோடிருந்தால் அமுது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை நமது ஈரல் ஆக்குகிறது. அதற்கு வைட்டமின் கே என்னும் சத்து தேவை. வார்ஃபரின் அச்சத்து உடலில் மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுக்கிறது. அச்சத்து மிகுதியாக இருப்பது பச்சைக் கீரைகளில். ஒரு தராசை எண்ணிப் பாருங்கள். ஒரு தட்டில் குளிசை. மறு தட்டில் கீரை. கீரைத் தட்டு திடீரெனத் தாழ்ந்தால் மருந்தின் வலிமை குன்றி இரத்தம் உறையும். வால்வு அடைபடலாம், பாரிசவாதம் வரலாம். கீரைத் தட்டு திடீரென உயர்ந்தால் மருந்து மிஞ்சி இரத்தம் கசியும். தராசின் முள்ளைக் காட்டுவது ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை. மருந்து உண்ணாதவர்க்கு அது ஏறக்குறைய 1. மருந்து உண்போர் பெரும்பாலோர்க்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருத்தல் வேண்டும்; சில செயற்கை வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். அவரவர்க்கு உரிய அளவை வைத்தியரே குறிப்பார்.

“கீரை உண்ணாதே” என்னும் தீர்ப்பு

இத்தனையும் விளக்க நேரமில்லாமலோ, விளக்கும் மொழி இல்லாமலோ, “கீரை சாப்பிடாதே” என்ற இரண்டு சொற்களோடு நோயாளரை அனுப்பிவிடும் வழக்கம் உண்டு. மறுதரப்பைக் கேளாமல் வழங்கப்பட்ட தீர்ப்பு அது. கீரையின் தரப்பில் சொல்ல வேண்டியவை உள.

முதலாவது, கீரை தோட்டத்து ஏழையின் செல்வம். வாய்க்கால் ஓரத்து வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் யாரும் காசு கேட்பதில்லை. இறைச்சியும் மீனும் அரிதாகிய வீட்டில், இரத்தச்சோகை மலிந்த பெண்களுக்கு, கிடைக்கின்ற சத்தையும் பறிப்பது நீதியாகாது. இரண்டாவது, அத்தீர்ப்பு மருத்துவ முறைப்படியும் பிழையானது. கீரையை அறவே விட்டவர் உடலில் அச்சத்தின் இருப்புக் குறைந்துவிடும். பிறகு ஒரு நாள் கலியாண வீட்டில் கொஞ்சம் கீரை உண்டாலும் தராசு பெரிதாக ஆடும். நாள்தோறும் ஓரளவு உண்பவரிடம் அத்துணை ஆட்டம் இராது. இக்காலத்து மருத்துவம் சொல்வது விலக்கை அன்று, சமனை. வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு கீரை உண்டு வந்தீர்களோ, அதையே மாறாமல் உண்ணுங்கள்; வைத்தியர் அதற்கேற்ப மருந்தை அளந்து தருவார்.

வெளிநாட்டுப் பட்டியல்களைப் படித்து மிரளுவதாலும் பயனில்லை. நம் மலையில் விளையாத இலைகளின் பெயர்கள் அவற்றில் நிறைந்திருக்கும். நமக்கு வேண்டியது நமது பட்டியல். முருங்கைக் கீரை, வல்லாரை, பொன்னாங்காணி, முளைக்கீரை போன்ற கரும்பச்சை இலைகளில் அச்சத்து மிகுதி. கோவாவிலும் லீக்ஸிலும் ஓரளவு உண்டு. சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கரட், பூசணி ஆகியவற்றில் குறைவு. சமையல் எண்ணெய்களில் சோயா எண்ணெயில் கணிசமாக உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகச் சொற்பம். தேயிலையின் இலையில் அது மிகுதியாயினும், நீரில் அது கரைவதில்லை. ஆதலால் சாயத் தண்ணீரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கறிக்கு இடும் மஞ்சளும் உள்ளியும் இஞ்சியும் அளவோடு இருந்தால் தீங்கில்லை. அவற்றையே மருந்தாக அள்ளி உண்பதும், கஷாயம் காய்ச்சிக் குடிப்பதும் வைத்தியரைக் கேளாமல் கூடா.

உணவுக்கு அப்பால் சில எச்சரிக்கைகளும் அவசியம். சாராயமும் கசிப்பும் ஆபத்து. மேல்வலிக்கென்று கடையில் அஸ்பிரின், டைக்ளோஃபெனக் போன்ற குளிசைகளை வாங்கி விழுங்கலாகாது. பரசிற்றமோல்கூடப் பல நாள் தொடர்ந்து எடுப்பதாயின் வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிருமிக் காய்ச்சலுக்கு மருந்து தருபவரிடம், “நான் வார்ஃபரின் எடுக்கிறேன்” என்பதே முதற் பேச்சாக இருக்கட்டும். வயிற்றோட்டத்தால் பல நாள் உணவு இறங்காதபோதும், கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களிலும் தராசு ஆடும்; விரதம் தொடங்கு முன்னரே கிளினிக்கில் கேட்டுக்கொள்க. மறந்த குளிசைக்கு ஈடாக மறுநாள் இரண்டை விழுங்காதீர். கருத்தரிக்க எண்ணும் பெண்களும், கருத்தரித்ததாக ஐயுறும் பெண்களும் உடனே வைத்தியரைக் காண வேண்டும். இம்மருந்து கருவைப் பாதிக்கும். மலம் கறுத்தாலும், முரசில் இரத்தம் கசிந்தாலும், சரிவில் வழுக்கித் தலை அடிபட்டாலும், வலி இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்.

சமனாக உண்ண யாரால் இயலும்?

இனி அரசியலுக்கு வருவோம். “ஒரே சீராக உண்” என்று சொல்வது எளிது. சீரான வருவாய் உள்ளவனுக்கே சீரான உணவு. அரைப்பேர் விழுந்த கிழமையில் தோட்டத்து வீட்டில் ரொட்டியும் சம்பலும். சம்பள நாளையடுத்து வேறு உணவு. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி பயிரிடும் விவசாயியின் நிலையும் அதுவே. கோவா விலை விழுந்து சந்தையில் கேட்பாரற்றுக் கிடக்கும்போது, அவன் வீட்டில் மூன்று வேளையும் கோவா. விலை ஏறும்போது ஓர் இலையும் எஞ்சாமல் லொறியேறிப் போகும். சந்தை ஆடுகிறது, அதனோடு அவன் இரத்தமும் ஆடுகிறது.

ஆட்டத்தை அறிவதற்குள்ள ஒரே வழி பரிசோதனை. அதற்காகப் பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு இறங்கி, தியத்தலாவைக்கோ பதுளைக்கோ போய் வர வேண்டுமாயின், ஒரு நாட்பேர் போயிற்று. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்பது உண்மை. அங்கே போய் வருவது இலவசமல்லவே! மழைக்காலத்தில் பாதையே இல்லாமற் போவதும் உண்டு. 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையை மண் விழுங்கியதை மறந்தோமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளைச் சரித்துப் பாதைகளைத் துண்டித்தது. அத்தகைய நாளில், குளிசை தீர்ந்துபோன வீட்டின் கதி என்ன?

மொழியின் நிலைமை யாது? 1987-இல் நிறைவேறிய 13-ஆம் திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. 1988-இன் 16-ஆம் திருத்தத்தால் அமைந்த அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும், அரசாங்க உத்தியோகத்தரிடம் தமிழில் கருமம் ஆற்றவும் தமிழில் மறுமொழி பெறவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்கிறது. வைத்தியசாலைத் துண்டு அதற்கு விலக்கன்று. இன்று 3 மில்லிகிராம், நாளை 5 மில்லிகிராம் என்று மாறிவரும் அளவை, தான் வாசிக்க இயலாத எழுத்தில் பெற்றுக்கொள்ளும் தாய்க்கு அந்த உறுப்புரை என்ன பயன் தந்தது? சட்டப் புத்தகத்தில் உறங்கும் உரிமை நோயாளியைக் காக்காது.

நாம் கேட்பவை

நாம் வேண்டுவன பெரியவையல்ல. வார்ஃபரின் பெறும் ஒவ்வொருவருக்கும், நமது கீரைகளின் பெயரும் படமும் உள்ள தமிழ்த் துண்டு கொடுக்கப்பட வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐ.என்.ஆர். காட்டும் சிறு கருவிகள் உலகில் உள்ளன. அவை தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலைகளுக்கு வரவேண்டும். கிளினிக்குச் செல்லும் நாளில் தொழிலாளியின் பேர் வெட்டப்படலாகாது. மழைக்காலத்துக்கு முன்னரே, வைத்தியரின் அனுமதியோடு, சில கிழமைகளுக்குக் கூடுதலான குளிசை கையிருப்பில் இருக்க வழி செய்ய வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைகளின் தொண்டை நோவுக்கு உரிய காலத்தில் பெனிசிலினும், குடும்பங்களுக்குக் காற்றோட்டமுள்ள வீடும் கிடைக்க வேண்டும். அப்போதுதான் இக்குளிசை தேவைப்படுவோர் தொகையே குறையும்.

அரசாங்கம் அசையும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? தமிழறிந்த ஆசிரியரும் தாதியும் மருந்தாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி உட்கார்ந்தால், அந்தப் பட்டியலை எழுதி முடிக்கலாம். வைத்தியர் ஒருவர் அதைப் பார்த்துத் திருத்தட்டும். தொழிற்சங்கக் கிளைகள் அதை லயந்தோறும் கொண்டு செல்லட்டும். எந்த வீட்டில் எவர் இம்மருந்து எடுக்கிறார் என்பதை, அவர் சம்மதத்தோடு, தோட்ட மருந்தகத்தில் எழுதி வைக்கட்டும்.

உடம்புக்குள் ஏற்றத்தாழ்வு உயிரைக் குடிக்கிறது. சமுதாயத்தில் உள்ள ஏற்றத்தாழ்வே அதை வளர்க்கிறது. முன்னதை நோயாளியும் வைத்தியரும் சேர்ந்து அடக்கலாம். பின்னதை அடக்கும் கடமை நம் அனைவர்க்கும் உரியது.