இமயத்தின் மக்கள்

சென்ற ஞாயிறன்று நம் சங்கத்துத் தமிழ் வகுப்பிற்கு ஆசிரியர் வர இயலவில்லை. பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தனாய்க் காலங்கழிப்பவனுக்கு இலக்கணம் நடத்தத் துணிவு ஏது? இமயமலையைப் பற்றிப் பேசுவோம் என்று தொடங்கினேன்.

இரயில் நிலையத்து மஞ்சட் பலகையில், கடல் மட்டத்திற்கு மேல் அவ்வூரின் உயரம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். சென்னையில் அது சில மீட்டர். பெங்களூரில் ஏறத்தாழ 900. டார்ஜிலிங் பாதையிலுள்ள கூம் நிலையத்தில் 2,258. எவரெஸ்டுச் சிகரமோ 8,848 மீட்டர். மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். சென்னையில் 100 பாகையில் கொதிக்கும் உலைநீர் இங்கே 97 பாகையளவில் கொதிக்கிறது. எவரெஸ்டின் உச்சியிலோ 70 பாகையே போதும்.

"அப்படியானால் அங்கே சோறு வேகாதே, மாமா!" என்றாள் ஒரு சிறுமி. வீட்டில் உலை வைத்துப் பழகியவள் போலும்! மூச்சிற்கும் அதே கதிதான்; கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றிலொரு பங்கே அங்குக் கிட்டும் என்றேன்.

பிறகு, "ஷெர்பா என்பவர் யார்?" என்று வினவினேன். "சுமை தூக்குபவர்" என்று பல குரல்கள் எழுந்தன. பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஷெர்பா என்பது தொழிற்பெயர் அன்று, ஓர் இனத்தின் பெயர். 'கிழக்கத்தியார்' என்பது அதன் பொருள். சில நூற்றாண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்திலிருந்து பனிக்கணவாய்களைக் கடந்து நேபாளத்தில் குடியேறியவர்கள் அவர்கள். யாக் என்னும் சடைமாட்டை வளர்த்தும், உருளைக்கிழங்கு பயிரிட்டும், திபெத்தோடு வாணிகம் செய்தும் வாழ்ந்தனர். நம் நூல்கள் கவரிமா என்பது இச்சடைமாட்டையே என்பாரும் உளர். சிகரங்களைத் தெய்வம் உறையும் இடமெனத் தொழுதனரேயன்றி, ஏற விழைந்தாரல்லர். அயல்நாட்டார் வந்த பின்னரே மலையேற்றம் அவர்களுக்குப் பிழைப்பாயிற்று.

பிறந்த கிழமையையே பெயராக இடுவது அவர்கள் வழக்கம். ஞாயிறு நீமா, திங்கள் தாவா, வியாழன் புர்பா, வெள்ளி பாசாங். உடனே வகுப்பில் ஒரே ஆரவாரம்! கிழமை தெரியாத பிள்ளைகள் தாயாரைக் கேட்டு வருவதாக வாக்களித்தனர்.

டென்சிங் நார்கேயும் நம்மைப் போலப் பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்தவரே. இளமையில் டார்ஜிலிங் வந்து, எவரெஸ்டுக்கு ஆறு முறை சென்று, ஏழாம் முறையில், 1953 மே 29 அன்று, ஹில்லாரியுடன் உச்சியை அடைந்தார். 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தோன்றியபோது, பள்ளிப் படிப்பில்லாத அவரே களப்பயிற்சித் தலைவரானார். படித்த இளைஞர்கள் அவரிடம் கயிறு கட்டவும் பனியில் அடிவைக்கவும் கற்றனர்.

2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியாற்றுச் சரிவில் பனிப்பாளங்கள் சரிந்து 16 நேபாளியர் மாண்டதையும் சொன்னேன். அவர்களுட் பெரும்பாலார் ஷெர்பாக்கள். பிறர் ஏறுவதற்காக வழியமைத்தும் சுமை கொண்டு சென்றும் உழைத்துக்கொண்டிருந்தவர்கள். வகுப்பு அமைதியாயிற்று.

"அவர்கள் பெயரெல்லாம் என்ன, மாமா?" என்றான் ஒரு சிறுவன். என்னிடம் விடை இல்லை. தேடிக் கொணர்வதாகக் கூறியிருக்கிறேன். இமயமலையின் பெரிய நிலப்படம் வைத்திருக்கும் அன்பர் எவரேனும் அடுத்த ஞாயிற்றுக்குள் சங்கத்தில் சேர்ப்பிப்பாராயின் பேருதவியாகும்.