மூன்று திருகும் இரண்டு முளையும்

சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில், குறிப்பாகப் பெரிய துளை வகையில், பழையது நல்லதா, புதியது நல்லதா என்ற வாதம் அமெரிக்கத் துப்பாக்கி ஆர்வலர்களிடையே ஐம்பது ஆண்டுகளாக ஓயவில்லை. மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் அது ஓயாமல் நீள்கிறது. கைதவறிக் கீழே விழுந்தால் தானாக வெடிக்குமா? எவ்வளவு வீரியமான தோட்டாவைத் தாங்கும்? இயக்கும்போது கைக்கு எப்படி இருக்கிறது? இவற்றில் ஒன்றுக்கு 'புதியதுதான்' என்று தயங்காமல் சொல்லலாம். இன்னொன்றுக்கு அப்படிச் சொல்வது ஆபத்து. மூன்றாவது அவரவர் விருப்பம்.

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால், ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். விசை அந்தச் சுத்தியலை விடுவிக்கும் வேலையை மட்டும் செய்யும். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் கௌபாய்க் கதை நாயகன் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ரிவால்வரின் வளைந்த பிடியும் நீண்ட குழலும் பழகிய உருவம். பெரிய துளை என்பது பொதுவாகக் குண்டின் விட்டம் 0.40 அங்குலத்துக்கு மேற்பட்ட வகை. .44, .45 ஆகியவை அதில் பெயர் பெற்றவை.

இந்த வம்சத்தின் மூத்தது, 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. அதன் சுத்தியலின் முகத்திலேயே தோட்டாவைத் தட்டும் ஊசி இருக்கிறது. சுத்தியலை மெதுவாக இழுத்தால் நான்கு கிளிக் கேட்கும். முதல் கிளிக்கில் விசையின் நுனி சுத்தியலில் வெட்டப்பட்ட ஒரு சிறு காடிக்குள் போய் உட்காரும். பாதுகாப்புக் காடி என்பது அதுதான். அப்போது ஊசி தோட்டாவிலிருந்து சற்று விலகி நிற்கும். இரண்டாவது கிளிக்கில் வருவது பாதி நிலை. அங்கே சிலிண்டர் சுதந்திரமாகச் சுழலும், பக்கவாட்டு மூடியைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடலாம். மூன்றாவது கிளிக், சிலிண்டரைப் பூட்டும் துண்டு அதன் மேல் வந்து விழும் ஓசை. நான்காவதில் சுத்தியல் முழுதாக ஏறி நிற்கும்.

பெயர்தான் பாதுகாப்புக் காடி. அதற்குள் உட்காரும் விசையின் நுனி மிக மெல்லியது. துப்பாக்கி கைநழுவி, சுத்தியல் தரையில் படும்படி விழுந்தால் அந்த நுனி ஒடியலாம், காடியின் உதடு சிதையலாம். அடுத்த கணம் ஊசி தோட்டாவின் மேல் இருக்கும். காடியில் வைக்காமல் சுத்தியலை முழுக்க இறக்கி வைத்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசம், ஊசி தோட்டாவைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். கான்சாஸின் விசிட்டா நகரில் 1876 ஜனவரியில், ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் வயட் ஏர்ப்பின் ரிவால்வர் உறையிலிருந்து நழுவியது. சுத்தியல் நாற்காலியில் பட்டு வெடித்தது. குண்டு அவர் மேலங்கியைத் துளைத்து மேற்கூரை வழியே போனது. உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தியாகவே வந்த சம்பவம் இது. துப்பாக்கியோடு பிழைப்பு நடத்திய ஒருவருக்கே நடந்தது என்பதால், இதைப் பழகாதவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. குறை கருவியின் அமைப்பில் இருந்தது.

அமைப்பில் இருந்த குறையைப் பழக்கத்தால் சமாளித்தார்கள். ஆறு அறை கொண்ட சிலிண்டரில் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, காலி அறையின் மேல் சுத்தியலை இறக்கி வைப்பது வழக்கம். ஒன்று போடு, ஒன்றை விடு, நான்கு போடு, சுத்தியலை முழுக்க இழுத்து மெல்ல இறக்கு என்பது இன்றும் சொல்லித்தரப்படும் கணக்கு. இதைத் தவறாமல் செய்கிறவருக்குப் பழைய கோல்ட் பாதுகாப்பானதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுக்கச் சுடுபவரின் ஞாபகத்தில் இருக்கிறது. களைப்பு, அவசரம், துப்பாக்கி கைமாறுவது என்று எதில் வேண்டுமானாலும் அது தவறிப்போகும்.

1949-ல் வில்லியம் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் கனெக்டிகட்டின் சவுத்போர்ட்டில் தொடங்கிய ஸ்டர்ம் ரூகர் நிறுவனம் இந்தப் பழைய வடிவத்தை மறுபடி கையில் எடுத்தது. கோல்ட் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நிறுத்திய உற்பத்தியை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் கௌபாய்க் கதைகள் குவிந்துகொண்டிருந்தன. ரூகர் 1953-ல் .22 அளவில் சிங்கிள் சிக்ஸ், 1955-ல் .357 பிளாக்ஹாக், 1956-ல் .44 மேக்னம் பிளாக்ஹாக், 1959-ல் சூப்பர் பிளாக்ஹாக் என்று அடுத்தடுத்துக் கொண்டுவந்தது. கோல்ட்டின் உள்ளே இருந்த தட்டை ஸ்பிரிங்குகள் அடிக்கடி ஒடிபவை. ரூகர் அவற்றுக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் போட்டார். அது சாதாரண மாற்றம் இல்லை, அந்தத் துப்பாக்கிகளின் ஆயுளையே நீட்டிய வேலை. ஊசியையும் சுத்தியலிலிருந்து எடுத்துத் துப்பாக்கியின் சட்டத்துக்குள் வைத்தார். ஆனால் முழுக்க இறங்கிய சுத்தியல் அந்த ஊசியின் மேலேயே சாய்ந்து நின்றது. பாதுகாப்புக் காடியும் பழையபடியே இருந்தது. ஆக, ஐந்து தோட்டாக் கணக்கு இதற்கும் பொருந்தியது. சட்டத்தின் பக்கவாட்டில் மூன்று திருகுகள் தெரியும் இந்த ரிவால்வர்களைத்தான் ஆர்வலர்கள் 'மூன்று திருகு' என்றும் 'ஓல்ட் மாடல்' என்றும் அழைக்கிறார்கள்.

விபத்துகள் நடந்தன, வழக்குகளும் வந்தன. அவற்றில் ஒன்று அலாஸ்கா மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 1979-ல் தீர்ப்பானது. அதற்கு முன்பே, 1973-ல், நிறுவனம் உள்ளமைப்பை மாற்றிவிட்டது. 'நியூ மாடல்' என்ற பெயர் வந்தது அப்போதுதான். மூன்று திருகுகள் போய் இரண்டு முளைகள் வந்தன. உள்ளே டிரான்ஸ்ஃபர் பார் என்ற எஃகுப் பட்டை ஒன்று சேர்ந்தது.

அதன் வேலையைப் பொறுமையாகப் பார்ப்போம். சுத்தியலின் முகத்தில் ஒரு படி வெட்டப்பட்டிருக்கிறது. சுத்தியல் முழுக்க இறங்கினால் அந்தப் படிக்கு மேலுள்ள பகுதி சட்டத்தில் முட்டி நிற்கும், கீழுள்ள பள்ளம் ஊசியைத் தொடாது. விசையை இழுத்துப் பிடித்திருக்கும்போது மட்டும் அந்தப் பட்டை மேலெழுந்து ஊசிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் நிற்கும். தச்சர் ஒரு பலகையைப் பொருத்த இடையில் கட்டை வைத்து அடிப்பதைப் போல, சுத்தியலின் அடி பட்டையில் விழுந்து ஊசிக்குப் போகிறது. விசையிலிருந்து விரலை எடுத்தால் பட்டை இறங்கிவிடும். அதன் பிறகு சுத்தியலின் மேல் எதை வைத்து அடித்தாலும் அந்த அடி சட்டத்துக்குத்தான் போகும். ஆறு அறையிலும் தோட்டா போட்டுக்கொள்ளலாம். இது ரூகரின் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. ஐவர் ஜான்சன் நிறுவனம் 1890-களிலேயே தன் மலிவு விலை ரிவால்வர்களில் இதே யுக்தியை வைத்தது. சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கும் படத்தைப் போட்டுப் பின்னர் விளம்பரமும் செய்தது.

எனவே முதல் கேள்விக்கு என் விடை தெளிவானது. தோட்டா நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பவருக்கு நியூ மாடல்தான் சரி. பழக்கத்தை நம்புவதைவிட இயந்திரத்தை நம்புவது மேல் என்ற இடங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் 'புதியது' என்பதை விற்பனைத் தேதியை வைத்து முடிவு செய்யக்கூடாது. கோல்ட் 1956-ல் மறுபடி தயாரிக்கத் தொடங்கிய ரிவால்வரும், 1970-களிலிருந்து வரும் மூன்றாம் தலைமுறையும் 1873-ன் அமைப்பையே பின்பற்றுபவை. ஊசி சுத்தியலில்தான். நேற்று வாங்கிய கோல்ட் ஆனாலும் அதில் ஐந்து தோட்டாதான். நேர்மாறாக, ரூகர் 2005-லும் 2006-லும் பிளாக்ஹாக்கின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி வெளியிட்டவை 1950-களின் தட்டை மேற்புறச் சட்டத்தோடு பார்க்க அசல் பழையவைபோல இருக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபர் பார் உண்டு.

வலிமை பற்றிய கேள்வியில் குழப்பம் இன்னும் அதிகம், விளைவும் பெரிது. 1973-க்குப் பின் .357 பிளாக்ஹாக்கைக்கூட .44-க்கான பெரிய சட்டத்தில் செய்தார்கள், எனவே புதியது பழையதைவிடப் பருத்தது. 1993-ல் கௌபாய் பாணிச் சுடும் போட்டிக்காரர்களை மனதில் வைத்து ரூகர் கொண்டுவந்த வாக்கேரோ என்ற மாடலும் அந்தப் பெரிய சட்டம்தான். 2005-ல் அதன் இடத்துக்கு நியூ வாக்கேரோ வந்தது. இதன் சட்டம் பழைய கோல்ட்டின் அளவுக்குச் சிறியது. பெயரில் 'நியூ' இருப்பதைப் பார்த்து இதுதான் பலமானது என்று எண்ணினால் ஆபத்தில் முடியும். .45 கோல்ட் தோட்டாவுக்குத் தொழில்துறை வகுத்த அழுத்த வரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. .44 மேக்னத்துக்கு 36,000. ரூகரின் பெரிய சட்டத்தை நம்பி, அந்த 14,000-ஐ வெகுவாகத் தாண்டும் வீரியமான .45 தோட்டாக்களைச் சில சிறு நிறுவனங்கள் விற்கின்றன. தோட்டா தயாரிக்கும் கையேடுகளிலும் 'ரூகருக்கு மட்டும்' என்று தனிப் பகுதியே உண்டு. அங்கே ரூகர் என்று சொல்வது பெரிய சட்டத்தில் செய்த பிளாக்ஹாக்கையும் 1993-ன் வாக்கேரோவையும்தான். நியூ வாக்கேரோவில் அவற்றைப் போடக்கூடாது. பெட்டியில் 'ரூகர்' என்று எழுதியிருக்கிறது, கையில் இருப்பதும் ரூகர்தானே என்று போட்டால் சிலிண்டர் வெடிக்கும் அபாயம் உண்டு. சிக்கலை இன்னும் கூட்டுவதுபோல, பெயரில் 'நியூ' இல்லாத 1993-ன் வாக்கேரோவும் உள்ளமைப்பில் நியூ மாடல்தான்.

இன்னும் வீரியம் வேண்டுமானால் வடிவமே மாற வேண்டும். .454 காசுல் தோட்டாவின் வரம்பு 65,000 பவுண்டு. வயோமிங்கின் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 1983-ல் அதற்கான ரிவால்வரை விற்கத் தொடங்கியபோது சிலிண்டரில் ஐந்தே அறைகள். ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால், சிலிண்டரைப் பூட்டும் பள்ளங்கள் அறைகளுக்கு நடுவிலுள்ள தடித்த உலோகத்தில் விழுகின்றன. ஆறு அறைச் சிலிண்டரில் அவை அறையின் சுவர் மேலேயே விழுந்து, மெல்லிய இடத்தை இன்னும் மெல்லியதாக்கும்.

கைக்கு எப்படி என்ற கேள்வியில், பழையவற்றின் பக்கம் நிற்பவர்களின் குறைகளில் நியாயம் இருக்கிறது. நியூ மாடலில் பாதி நிலையே கிடையாது. சுத்தியலைத் தொடாமல் மூடியைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆரம்ப காலத்தவற்றில் ஒரு தொல்லை உண்டு. அறை மூடிக்கு நேராக வந்த இடத்தில் கிளிக் கேட்காது, சற்றுத் தாண்டிய பின்புதான் கேட்கும். ஓசையை நம்பிச் சுழற்றினால் அறை பாதி மறைந்து நிற்கும், வெற்றுத் தோட்டாவைத் தள்ளும் கம்பி இடிக்கும். பின்னோக்கிச் சுழற்றவும் முடியாது, முழுச் சுற்று சுற்றிவர வேண்டும். நியூ வாக்கேரோவிலும் ஐம்பதாம் ஆண்டு வெளியீடுகளிலும் இதைச் சரிசெய்துவிட்டார்கள். குழலில் நீளமாகப் பொறித்திருக்கும் எச்சரிக்கை வாசகம் இன்னொரு மனக்குறை. அதற்காக ஒரு நல்ல துப்பாக்கியை ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் பழைய விசையின் சுத்தமான விடுப்பையும் கோல்ட்டின் நான்கு ஓசைகளையும் விரும்புகிறவர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது.

பழையதை வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று திருகு தெரிகிறது என்பதற்காக உள்ளே பழைய அமைப்புதான் என்று முடிவுகட்டிவிட முடியாது. 1982 முதல் ரூகர் தன் ஓல்ட் மாடல்களுக்கு இலவசமாகவே டிரான்ஸ்ஃபர் பார் பொருத்தித் தருகிறது. திருகுகள் அப்படியே இருக்கும். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுத்தியலை முழுக்க இழுத்து, விசையையும் அழுத்தியபடி மெல்ல இறக்கினால், மேலெழும் பட்டை சட்டத்தின் இடைவெளியில் கண்ணுக்கே தெரியும். பட்டை எழவில்லை என்றால் மாற்றப்படாத அசல். மாற்றியபோது கழற்றிய பழைய உறுப்புகளை நிறுவனம் உரிமையாளருக்கே ஒரு பையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறது. சேகரிப்பாளர்கள் அந்தப் பைக்குத் தனி விலை கொடுப்பார்கள், எனவே விற்பவரிடம் அதையும் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடிப் பேழையில் வைப்பதற்கென்றால் பழைய உறுப்புகளைத் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். தோட்டா போட்டுப் பயன்படுத்துவதென்றால் அவை பையிலேயே இருக்கட்டும்.